கணக்கேடும் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட கூட்டத்தில் இமாம் எழுந்து நின்றால், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் கணக்குப் புத்தகத்தைப் பற்றியே பேசக் கடமைப்பட்டுள்ளேன். வரித்துறை கேட்கின்ற ஆவணத்தை ஒருவர் கிழித்தாலோ, எரித்தாலோ, கணினியிலிருந்து அழித்தாலோ, சட்டத்தின் முன் அவர் நிலை என்னவாகும்? இதுவே இன்றைய பொருள்.

இப்பொருளை ஏன் தேர்ந்தேன் என்று கேட்கலாம். தியாகராய நகரில் துணிக்கடை நடத்துவோரும், மயிலாப்பூரில் மளிகை, பாத்திர வியாபாரம் செய்வோரும், அடையாறில் உணவு விடுதியும் பயண முகவாண்மையும் நடத்துவோரும் நிறைந்த பகுதி நம்முடையது. கடை நடத்துபவருக்கு நோட்டீஸ் வருவது புதுமையன்று. பெரும்பாலான நோட்டீஸ்கள் விளக்கம் கேட்பவையே. ஆயினும் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றிரவு மனம் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில், "அந்தச் சிட்டையைத் தூக்கி அடுப்பில் போடுங்கள், பிறகு யார் என்ன கேட்க முடியும்?" என்று யாரோ ஒருவர் ஆலோசனை சொல்லிவிடுகிறார். விளக்கத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் சிறைவாசல் வரை செல்வதற்கு அந்த ஒரு சொல் போதும். அந்த ஆலோசனையைச் சொல்பவர் வழக்கு வந்தால் உடன் நிற்கமாட்டார். ஆகவே, அமைதியான வேளையிலேயே நாம் இதைத் தெரிந்துகொள்வது நலம்.

நம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி

தொலைதூரத்துச் செய்தியைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 7 அன்று, அடையாற்றை ஒட்டிய கிரீன்வேஸ் சாலையில், அன்றைய மாநில சுகாதாரத்துறை அமைச்சரின் இல்லத்தில் வருமானவரித் துறை சோதனை நடத்தியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த நேரம் அது. அங்குக் கைப்பற்றிய ஆவணங்களைப் பற்றித் துறை அனுப்பிய அறிக்கையும் சேர்ந்தே தேர்தல் ஆணையத்தின் முடிவுக்குக் காரணமாயிற்று. ஏப்ரல் 12 அன்று நடைபெறவிருந்த வாக்குப்பதிவு ரத்து செய்யப்பட்டது.

சோதனை நடந்துகொண்டிருந்தபோதே வேறு சில அமைச்சர்களும் முக்கியப் பிரமுகர்களும் உள்ளே நுழைந்து பணியைத் தடுத்தார்கள் என்று வருமானவரித் துறை மாநகரக் காவல் ஆணையரிடம் புகார் அளித்தது. ஆவணம் ஒன்று அங்கிருந்து பறித்து அப்புறப்படுத்தப்பட்டதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. அபிராமபுரம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. எவரையும் குற்றவாளி என்று கூற எனக்கு உரிமையில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: சோதனைக்குக் காரணமான வரி விவகாரம் ஒருபுறம் இருக்க, ஆவணத்தைத் தொட்டார்கள், அதிகாரியைத் தடுத்தார்கள் என்பது தனியொரு குற்ற வழக்காக முளைத்துவிட்டது. அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர்கள் மீதே காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகுமெனில், ரங்கநாதன் தெருவில் பத்தடிக்குப் பத்தடி கடை வைத்திருக்கும் சகோதரருக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் குற்றவியல் சட்டத்தில் ஆவணத்தை அழிப்பது நெடுங்காலமாகவே தனிக் குற்றம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 204ஆம் பிரிவாக இருந்தது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 241ஆம் பிரிவு. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று உயர்த்தப்பட்டுள்ளது.

இப்பிரிவின் சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். நீதிமன்றத்திலோ, அரசு ஊழியர் ஒருவர் முன் சட்டப்படி நடக்கும் விசாரணையிலோ காட்டும்படி கட்டாயப்படுத்தத்தக்க ஆவணம் எதுவாயினும் இதில் அடங்கும். அதை எரிப்பது மட்டுமன்று; ஒளித்து வைப்பதும் குற்றம். முழுவதையும் அழிப்பது மட்டுமன்று. ஒரு வரியை மையால் பூசி வாசிக்க முடியாமல் செய்வதும் குற்றம். தாளில் எழுதியது மட்டுமன்று. கணினிப் பதிவும், கைபேசியில் உள்ள செய்தியும் மின்னணு ஆவணமே.

"நோட்டீஸ் வருவதற்கு முன்பே எரித்துவிட்டேன், ஆகவே குற்றமில்லை" என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. சட்டம் இரண்டு நிலைகளைச் சொல்கிறது. ஒன்று, ஆவணம் சாட்சியமாகப் பயன்படக்கூடாது என்ற நோக்கத்தோடு அழிப்பது. மற்றொன்று, ஆவணத்தைக் கொண்டுவரும்படி சட்டப்படி அழைப்பு வந்த பின் அழிப்பது. முதல் நிலையில் அழைப்பு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை, நோக்கமே போதும். அந்த நோக்கத்தைச் சூழ்நிலைகளிலிருந்து நீதிமன்றம் அறிந்துகொள்ளும். பக்கத்துக் கடையில் சோதனை நடந்த மறுநாள் நம் கடையில் பழைய பேரேடுகள் மட்டும் எரிந்துபோயின என்றால், அதற்கு விளக்கம் சொல்வது எளிதன்று.

வருமானவரிச் சட்டத்தில்

வருமானவரி இந்தியாவுக்கு வந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஏற்பட்ட நிதி நெருக்கடியைச் சரிக்கட்ட 1860இல் ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டுவந்தார். 1922ஆம் ஆண்டின் சட்டமும், பின்பு 1961ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025இல் புதிய வருமானவரிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பழைய ஆண்டுகளுக்குரிய விவகாரங்கள் பழைய சட்டத்தின்படியே தொடரும் என்பதால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பை அறிவது இன்றும் பயனுடையது.

அச்சட்டத்தில் அதிகாரிக்கு ஆவணம் கேட்கும் வழிகள் பல. 142ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பிக் கணக்கைக் கேட்கலாம். 131ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தைப் போலச் சம்மன் அனுப்பி ஆளையும் ஏட்டையும் வரவழைக்கலாம். 133ஏ பிரிவின்படி கடைக்கு நேரில் வந்து சர்வே செய்யலாம். 132ஆம் பிரிவின்படி சோதனையிட்டுக் கைப்பற்றலாம். இதையே நாம் ரெய்டு என்கிறோம்.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு தண்டனையும் வைக்கப்பட்டிருந்தது. நோட்டீஸ் அனுப்பிக் கேட்ட கணக்கை வேண்டுமென்றே காட்டாதிருந்தால் 276டி பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. சோதனையின்போது அதிகாரி பீரோவையோ லாக்கரையோ மூடி, அனுமதியின்றி எதையும் எடுக்கக்கூடாது என்று உத்தரவிட்ட பின் அதை மீறினால் 275ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல். கணினியைத் திறந்து காட்ட மறுத்தால் 275பி பிரிவின்படி அதே அளவு. வரியைத் தவிர்க்க வேண்டுமென்றே முயன்றால் 276சி பிரிவு. தவிர்க்க முயன்ற வரி இருபத்தைந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் ஏழாண்டுகள் வரை சிறை. கணக்கில் பொய் எழுதுவதும், எழுத வேண்டியதை விடுவதும், வரி தப்பிக்க வழிசெய்யும் வேறு எந்தச் சூழ்நிலையை உண்டாக்குவதும் இந்த முயற்சியில் அடங்கும் என்று அப்பிரிவே விளக்கியது. ஏட்டை எரிப்பது அப்படிப்பட்ட சூழ்நிலையை உண்டாக்குவதே என்று துறை வாதிடுவதற்கு அவ்விளக்கம் இடம் தருகிறது.

அண்மைய ஆண்டுகளில் வரிச்சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்தும் போக்கு காணப்படுகிறது. பிரிவு எண்களும் அளவுகளும் மாறுகின்றன. ஆகவே உங்கள் விவகாரத்துக்கு எந்த ஆண்டுச் சட்டம், எந்தப் பிரிவு என்பதைத் தணிக்கையாளரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆனால் தளர்வைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. இதற்கு ஜி.எஸ்.டி. சட்டமே நல்ல உதாரணம்.

2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தில் 132ஆம் பிரிவு, சாட்சியமாகத்தக்க ஆவணத்தைத் திருத்துவதையும் அழிப்பதையும் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டின் நிதிச்சட்டம் அந்த உட்பிரிவை நீக்கிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் அது இல்லை. இதைக் கேள்வியுற்ற சிலர், "இனி பில் புத்தகத்தைக் கிழித்தால் ஜெயில் இல்லை" என்று பேசத் தொடங்கிவிட்டனர். அதே சட்டத்தின் 122ஆம் பிரிவில், ஆவணத்தை அழித்தவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அல்லது ஏய்த்த வரிக்குச் சமமான தொகை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம் என்பது நிற்கிறது. பொதுக் குற்றச்சட்டத்தின் 241ஆம் பிரிவோ யாரும் தொடாமல் அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் போயிற்று என்று மகிழ்ந்தவர் மூன்று ஆண்டுகள் இருப்பதை மறந்துவிட்டார்.

நீதிமன்றங்களின் போக்கு

தமிழகத்திலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற இரண்டு வழக்குகளை மட்டும் கூறுகிறேன்.

1984இல் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு வழக்கு. சோதனையில் கிடைத்த கணக்கேடுகளின் அடிப்படையில் வரி செலுத்துபவர் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது. வரி மறுமதிப்பீடு இன்னும் முடியவில்லை, அது முடியும் வரை குற்றவழக்கு கூடாது என்பது அவர் வாதம். மதிப்பீடு ஒருபுறம் நடக்க, குற்றவழக்கு மறுபுறம் நடப்பதற்குத் தடையில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது போயஸ் தோட்டத்தோடு தொடர்புடைய சசி எண்டர்பிரைசஸ் வழக்கு. அந்நிறுவனமும் அதன் பங்குதாரர்களான ஜெயலலிதா, சசிகலா ஆகியோரும் 1990களின் தொடக்க ஆண்டுகளுக்கு வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்பது புகார். 2014 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் அவர்களது மேல்முறையீட்டைத் தள்ளி, விசாரணையை நான்கு மாதங்களில் முடிக்கும்படி உத்தரவிட்டது. இத்தகைய வழக்குகளில் குற்ற மனப்பான்மை இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவரையே சாரும் என்பதையும் எடுத்துரைத்தது. பின்னர் இணக்கக் கட்டணம் செலுத்தி அவ்வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. அதில் ஆவண அழிப்பு என்ற புகார் இல்லை என்பது மெய்தான். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு, மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவரையே தேடி வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

எரித்தால் யாருக்கு நஷ்டம்?

சிறைத்தண்டனையை ஒருபுறம் வைத்துவிட்டு, வியாபாரிகளின் மொழியிலேயே லாப நஷ்டக் கணக்குப் பார்ப்போம்.

ஓர் உதாரணம். ஒரு கடையில் ஆண்டு விற்பனை எண்பது லட்சம். கொள்முதல், வாடகை, சம்பளம் எல்லாம் போக மிஞ்சியது ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்கான விற்பனை ஏட்டில் சரியாக வரவில்லை. அதை மறைப்பதற்காக அக்கடைக்காரர் மொத்த ஏட்டையும் எரித்துவிடுகிறார். இப்போது அதிகாரியின் முன்னே இருப்பது வங்கியில் வரவான எண்பது லட்சம். செலவைக் காட்ட வேண்டிய பில்கள் சாம்பலாகிவிட்டன. கணக்கு இல்லாத இடத்தில் தம் அறிவுக்கு எட்டியபடி உத்தேசமாக வருமானத்தை நிர்ணயிக்க 144ஆம் பிரிவு அதிகாரிக்கு உரிமை தந்தது. வரவை மறைத்தார் என்று முடிவானால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் இருநூறு சதவீதம் அபராதம் விதிக்க 270ஏ பிரிவு வழிசெய்தது. இரண்டு லட்சத்தை ஒப்புக்கொண்டு வரி கட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எரித்தவர் தமக்கு எதிரான சாட்சியை மட்டும் எரிக்கவில்லை. தமக்குச் சாதகமான சாட்சியையும் சேர்த்தே எரித்துவிட்டார்.

மேலும், கையிலிருக்கும் ஆவணத்தை ஒருவர் காட்ட மறுத்தால், காட்டியிருந்தால் அது அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இது சாட்சியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது.

இத்தனைக்கும் பிறகு எரித்த விஷயம் மறைகிறதா என்றால் அதுவும் இல்லை. நமக்குச் சரக்கு விற்றவரின் பேரேட்டில் நம் பெயர் இருக்கிறது. வங்கியில் வரவு செலவு இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் பில் விவரம் இருக்கிறது. நம் பான் எண்ணோடு சேர்ந்த வட்டி, பங்கு, சொத்து விவரங்களையெல்லாம் திரட்டி 2021 நவம்பர் முதல் துறையே நமக்கு ஆண்டுத் தகவல் அறிக்கையாகக் காட்டுகிறது. கணினியில் அழித்த கோப்பையும் பல வேளைகளில் வல்லுநர்கள் மீட்டெடுத்துவிடுகின்றனர். எஞ்சுவது அழித்தார் என்ற கெட்ட பெயர் மட்டுமே.

உலகம் அறிந்த ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஆர்தர் ஆண்டர்சன், உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. 2001இல் என்ரான் நிறுவனத்தின் மோசடி வெளிப்படத் தொடங்கியபோது, அதன் தணிக்கை தொடர்பான காகிதங்களை ஆண்டர்சன் அலுவலகத்தில் டன் கணக்கில் கிழித்துப் போட்டனர். 2002 ஜூனில் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2005 மே மாதம், நடுவர் குழுவுக்கு நீதிபதி அளித்த விளக்கம் தவறு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் வாடிக்கையாளர்கள் விலகிப் பல்லாயிரம் ஊழியர்கள் பிழைப்பை இழந்துவிட்டிருந்தனர். தீர்ப்பு திரும்பியது, பெயர் திரும்பவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின் 2002இல் அந்நாடு இயற்றிய சட்டத்தில், விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணம் அழிப்போருக்கு இருபது ஆண்டுகள் வரை சிறை வைத்தனர்.

ஊழியராக இருக்கும் இளைஞர்களுக்கு

இந்தப் பகுதியை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கடையில் கணக்கு எழுதுபவரும், கல்லாவில் அமர்பவரும், கணினியைப் பார்த்துக்கொள்பவரும் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. "தம்பி, இந்தப் பையைக் கொண்டுபோய் எங்காவது போட்டுவிட்டு வா" என்று முதலாளி சொன்னால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? சம்பளம் போய்விடும் என்ற அச்சம். உப்பிட்டவர் என்ற விசுவாசம்.

சட்டம் அந்த விசுவாசத்தை ஏற்காது. அழித்தவன் கை எதுவோ அதுவும் குற்றவாளியே. அழிக்கச் சொன்ன வாய் எதுவோ அதுவும் உடந்தையே. "முதலாளி சொன்னார், செய்தேன்" என்பது விடுதலைக்குரிய காரணமாகாது. ஒருமுறை குற்றவழக்கில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் எத்தனை தடங்கல் என்பதை வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அறிவர். ஆகவே பணிவாக, ஆனால் உறுதியாக, "பாய், இது உங்களுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல, ஆடிட்டரைக் கேட்டுச் செய்வோம்" என்று சொல்லிவிடுங்கள். முதலாளிகளே! உங்களை நம்பி வேலைக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

தானாகவே அழிந்துபோனால்?

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் வீடும் கடையும் மூழ்கின. ஏடுகளும் பத்திரங்களும் சேறாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியை மூழ்கடித்தபோதும் அப்படியே. இவ்வாறு போனவற்றுக்காக எவரையும் சட்டம் தண்டிப்பதில்லை. நோக்கம் இருந்தால்தான் அழித்தல் குற்றமாகும்.

ஆனால் போனது உண்மை என்பதைக் காட்டும் பொறுப்பு நமக்குண்டு. நனைந்த ஏட்டைக் குப்பையில் வீசாமல் படம் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ஏற்பு பெறுங்கள். என்னென்ன ஏடுகள் போயின என்று பட்டியலிட்டு வரி அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். வங்கியிலிருந்தும் சரக்கு கொடுத்தவரிடமிருந்தும் நகல் வாங்கி, கணக்கை மீண்டும் எழுதுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு முதன்முறையாக வெள்ளத்தின் மேல் பழி போட்டால் எவரும் நம்பமாட்டார்.

காலம் கடந்த பழைய காகிதங்களை முறைப்படி கழிப்பதும் குற்றமன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால், அது முடிந்து ஓராண்டு வரையும் வைத்திருக்க வேண்டும், இவ்விரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வருமானவரிக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், குறிப்பிட்ட தொழில் புரிவோருக்கு மதிப்பீட்டு ஆண்டு முடிவிலிருந்து ஆறாண்டுகள் என்று இருந்தது. தணிக்கையாளரின் எழுத்துமூல ஆலோசனை இல்லாமல் எதையும் கழிக்காதீர்கள். கழிப்பவற்றின் பட்டியலில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

முதலில் அஞ்ச வேண்டாம். நோட்டீஸின் எண்ணையும், பதிலளிக்க வேண்டிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அது துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கிலும் உள்ளதா என்று சரிபாருங்கள். போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்போரும் உளர். ஏடுகளை அப்படியே வைத்து, ஒரு நகல் எடுத்துத் தணிக்கையாளரிடம் கொடுங்கள். அவகாசம் தேவையானால் எழுத்துமூலம் கேளுங்கள்.

அதிகாரிகள் நேரில் வந்தால் அடையாள அட்டையையும் உத்தரவையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. சோதனையில் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதப்பட வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். உரிமையைக் கேளுங்கள், ஏட்டைத் தொடாதீர்கள்.

கணக்கில் பிழை இருந்தால் திருத்தவும் வழி உண்டு. 2022இல் புதுப்பித்த கணக்குத் தாக்கல் என்ற முறை வந்தது; முதலில் இரண்டு ஆண்டுகளாக இருந்த அவகாசம் 2025இல் நான்கு ஆண்டுகளாக்கப்பட்டது. கூடுதல் வரி உண்டுதான். சோதனை வந்துவிட்டால் இவ்வழி அடைபடும் என்பதால், தாமதிக்காமல் செய்வதே நலம்.

மற்றொன்று. நம்மவரிடையே வட்டியில்லாக் கடனாகிய கர்ழே ஹஸனா கொடுப்பதும் வாங்குவதும் நல்வழக்கம். ஆனால் அதைக் கையில் ரொக்கமாக, எழுத்தின்றிக் கொடுக்கிறோம். இருபதாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 269எஸ்.எஸ். பிரிவு தடுத்தது, புதிய சட்டத்திலும் அத்தடை தொடர்கிறது. மீறினால் கடன் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். மைத்துனர் அன்போடு கொடுத்த பணம், எழுத்தில்லாத காரணத்தால் கணக்கில் காட்டாத வருமானமாகிவிடும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று ஆலிம்களைக் கேளுங்கள். கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகும் என்ற எச்சரிக்கையும் அதை அடுத்தே வருகிறது. வரித்துறை கேட்கும் முன்பே நம் மார்க்கம் எழுதச் சொல்லிவிட்டது.

பள்ளிவாசலின் ஏடுகள்

நிறைவாக, நம் பள்ளிவாசலைப் பற்றி. சந்தா, உண்டியல், கடை வாடகை, ரமலான் நன்கொடை, பைத்துல்மால் என்று ஜமாஅத்தின் கைகளில் வருவது பொதுச்சொத்து. வக்ஃப் சட்டம் முத்தவல்லி மீது கணக்கு வைத்து ஆய்வுக்குக் காட்டும் கடமையைச் சுமத்துகிறது. வருமானவரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் ஏடுகளைப் பத்தாண்டுகள் காக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. அறப்பணி நடக்கும் இடங்களிலும் சர்வே செய்யலாம் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஆகவே ரசீதின் அடிக்கட்டை ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு பத்திரமாக இருக்க வேண்டும். உண்டியலை இருவர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். நிர்வாகம் மாறும்போது ஏடுகளைப் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும். பழைய நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தால் ஏட்டை மறைப்பதும், புதிய நிர்வாகம் வருகிறதே என்ற அச்சத்தால் ஏட்டைக் கிழிப்பதும் ஊருக்குச் செய்யும் துரோகம். நம்மைப் பற்றி எவரேனும் அவதூறு கூறினால், பதில் சொல்ல நமக்குள்ள ஒரே சாட்சி நம் ஏடுதான். அதை நாமே கொன்றுவிட்டால் யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

"அரசின் வரி மனிதர் விதித்ததுதானே, நாம் ஜகாத் கொடுக்கிறோமே" என்று கேட்போர் உண்டு. ஜகாத் வேறு, வரி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இந்நாட்டில் குடிமக்களாக வாழ்கிறோம். அதன் சாலையிலும் மருத்துவமனையிலும் பங்கு பெறுகிறோம். அதன் சட்டத்துக்கு உட்பட்டு வணிகம் செய்கிறோம். வரி அதிகம் என்று தோன்றினால் முறையிடலாம், வழக்காடலாம். பொய்யும் மறைத்தலும் எந்த நிலையிலும் நமக்கு ஆகுமானவை அல்ல. ஜகாத் வசூலித்துத் திரும்பிய ஓர் ஊழியரிடம் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே கணக்குக் கேட்டார்கள் என்பதை நாம் அறிவோம். கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. கணக்குக் காட்டுவது இழிவுமன்று.

இம்மையின் ஏட்டை எரிக்க ஒரு தீக்குச்சி போதும். மலக்குகள் எழுதும் ஏட்டை எரிக்க எவராலும் ஆகாது. நாளை அந்த ஏடு விரிக்கப்படும்போது, இங்குள்ள ஏடும் அங்குள்ள ஏடும் ஒன்றுபோல் இருக்குமாறு வாழ எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கு நேர்மையையும், நம் ஜமாஅத்துக்கு ஒற்றுமையையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.